தாளம் மட்டும் கேட்கிறது

குவைத்

அன்புள்ள அம்மாவுக்கு ஜிஜா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எனக்குச் சுகக்கேடு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா கஞ்சி குடிக்கிறாரா? போனில் சொன்னால் பக்கத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கும் கேட்டுவிடும். அதனால்தான் இன்று ஊருக்கு வரும் குளத்தூர் பிபின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய பழைய பிளாப்பி டிஸ்க் பத்திரமாக வந்தது. சபைப் பாடகர் குழுவுக்காக அப்பா கீபோர்டில் அமைத்த கிறிஸ்துமஸ் பாட்டு அதில் இருக்கிறது. ஆனால் என் கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை. பிபினிடம் காட்டினேன்.

“அக்கா, இது மாமாக்க கீபோர்டுக்கு மட்டும் மனசிலாவுற ஃபைலாக்கும். அந்த மாடல் இப்ப எங்கயும் கிடைக்காது” என்றான்.

நம் வீட்டுக் கீபோர்டோ மழையில் நனைந்து கெட்டுப்போனது. பிபின் ஏதோ மென்பொருளைத் தேடிப்பிடித்து மாற்றிப் பார்த்தான். தாளம் மட்டும் கேட்டது.

“மெட்டு போச்சா மக்கா?” என்று கேட்டேன்.

“உள்ள உண்டு அக்கா. எடுக்கத்தான் எனக்குத் தெரியல்ல.”

பக்கவாதம் வந்தபின் அப்பாவால் பாடிக் காட்டவும் முடியாது. அவர் கண்ணால் கேட்டால், ஜிஜா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு வரியாவது நினைவிருந்தால் போனில் பாடி அனுப்புங்கள். இல்லாவிட்டால் சும்மா பேசியாவது அனுப்புங்கள்.

பிபின் திரும்பும்போது மரச்சீனிக் கிழங்கு வற்றல் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் போதும், நான் ஒருத்திதானே.

டியூட்டி முடிந்து வந்ததும் அந்தத் தாளத்தைத்தான் கேட்கிறேன். பிபின் வாசலில் நிற்கிறான், கடிதத்தை நிறுத்துகிறேன். அப்பா எந்த இடத்தில் பாட்டைத் தொடங்குவார் அம்மா?

உங்கள் ஜிஜா