நோயில்லாதவர்கள் பக்கம் உன் ரத்தம்

இன்று காலை ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் மருத்துவ முகாம், ரத்தம் எடுக்கப் போயிருந்தேன். ஸ்பிரிட் பஞ்சின் வாசனை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும். செத்தவனைத் திட்டக் கூடாதாம். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சர்க்கரை நோய்க்கும் மரபணுவுக்கும் என்ன தொடர்பு என்று தேடி நாம் இருவரும் ஆராய்ச்சிக்கு ரத்தம் சேகரித்தது இதே வட்டாரத்தில்தான். நோயாளிகளிடம் என் ஊரான வல்லம் வடகாலில் எடுத்தோம். நோயில்லாதவர்களைத் தேடி நீ சுங்குவார்சத்திரம் விடுதிகளுக்குப் போனாய். ஷிப்ட் முடிந்து வந்த உன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்குக் கை நீட்டினார்கள். ஆள் குறைந்தபோது உன் கையையும் நீட்டினாய்.

கணக்கில் நோயாளிகள் பக்கம் ஒரு மரபணுக் குறி பளிச்சென்று வந்தது. நீ துள்ளினாய். நான் யார் யார் எந்த ஊர் என்ற பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

"இது சுகரோட அடையாளம் இல்லடா. எங்க ஜனத்துக்கும் உங்க ஜனத்துக்கும் இருக்கிற வித்தியாசம். ஒரே ஊர்ல நோய் இருக்கிறவனையும் இல்லாதவனையும் வச்சுதான் பாக்கணும்" என்றேன்.

"விடுட்டி, எவன் கேக்கப் போறான்?" என்று சிரித்தாய்.

என் தம்பி கேட்டான். அந்த முடிவை நீ ஒரு கம்பெனிக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிய பிறகு, ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர், எங்கள் ஊர் ரத்தத்திலேயே சுகர் என்று சொல்லி, எங்கள் பையன்களை லைன் வேலையில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டான். கம்பெனி நிற்பதே எங்கள் நெல் வயலில்தான். "எனக்கு சுகரே இல்லக்கா. இன்னாத்துக்கு வாணாம்ன்றான்?" என்று தம்பி வாசலிலேயே நின்றான். உன்னிடம் சொன்னேன். மறுபடி கணக்குப் போட நேரமில்லை என்றாய்.

நானே போட்டேன். ஊர் வேறுபாட்டைக் கழித்ததும் அந்தக் குறி காணாமல் போனது. உனக்கு அனுப்பினேன். நீ பதிலே போடவில்லை. சில வருஷம் கழித்துச் சாவுச் செய்திதான் வந்தது. முற்றிய சர்க்கரையாம், ஒரு காலை வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லையாம்.

இப்போதெல்லாம் யார் வந்து உட்கார்ந்தாலும், ரத்தம் எடுக்கும் முன் அப்பா அம்மா எந்த ஊர் என்று கேட்கிறேன். உன்னால் வந்த பழக்கம். தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். என் கோபம் ஆறவில்லை.

நம் பழைய தரவில் நீ இன்னும் நோயில்லாதவர்கள் பக்கம்தான் இருந்தாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உன்னை அங்கிருந்து எடுத்து நோயாளிகள் பக்கம், என் ஊர்க்காரர்களோடு சேர்த்தேன். அங்கேயே கிட, பாவி.