பார்க்கக் கூடாத நடுவர்

11 ஜூன் 2025, புதன்

இன்றும் புதுச்சத்திரம் வரை நின்றபடியே பயணம். சிதம்பரம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். மதியம் மழை வந்து அழித்துவிட்டது.

சாயங்காலம் கடலூரில் வீடு திரும்பியபோது கூடத்தில் ஜெயப்பிரகாஷ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என் கணவர் செம்பியனின் பள்ளித் தோழர். ஒன்பது வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல் வேலை. கப்பல் கரை சேர்ந்த ஊரிலெல்லாம் மற்றவர்கள் கடைவீதிக்குப் போனார்களாம், இவர் மட்டும் மல்யுத்தக் காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாராம். நிஜ மல்யுத்தம் இல்லை. டிவியில் வருமே, கயிறு கட்டிய மேடை, பட்டப்பெயர், தூக்கி எறிவது. அந்த மாதிரி. இப்போது வேலையை விட்டுவிட்டு வந்து, சிதம்பரத்தில் அதை நடத்தப் போகிறாராம். "ஆடி மாசம் கல்யாண மண்டபமெல்லாம் காலியா கெடக்கும் தங்கச்சி. அதான் நேரம்."

அதற்கு ஒரு நடுவர் வேண்டுமாம். நான் வேண்டுமாம்.

யார் ஜெயிப்பது என்று முன்னாடியே முடிவாகிவிடுமா என்று கேட்டேன். ஆமாம் என்றார், கூச்சமே இல்லாமல். பதினொரு வருடமாகக் கபடி நடுவர் நான். ஒரு பொய்ப் புள்ளி கொடுத்ததில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

13 ஜூன், வெள்ளி

அண்ணன் வாட்ஸ்அப்பில் பதினான்கு வீடியோ அனுப்பியிருக்கிறார். பார்க்கவே கூடாது என்றிருந்தேன். பேருந்தில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டது.

பொலிவியா! மலை மேல் ஒரு ஊர், ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்குப் போகிற பெண்கள் மாதிரியே உடுத்திக்கொண்டு இருவர் வருகிறார்கள்: அடுக்கடுக்கான பாவாடை, இரட்டைச் சடை, தலையில் வட்டத் தொப்பி. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருத்தி கயிற்றின் மேல் ஏறிப் பறந்தாள். பாவாடை குடை மாதிரி விரிந்தது. நான் பேருந்தில் "ஆத்தாடி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட் அம்மாவும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். சிதம்பரம் வரை இரண்டு பேரும் பார்த்தோம்.

17 ஜூன், செவ்வாய்

நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். கணக்கு நோட்டு இல்லை, நாடுகள் நோட்டு.

மெக்சிகோவில் முகமூடிதான் மானம். தோற்றவன் முகமூடியைக் கழற்றிவிட்டால் அவன் பெயரே போச்சு. ஜப்பானில் போர் முடிந்து வீட்டில் டிவி இல்லாத காலத்தில், தெருமுனையில் வைத்த டிவி முன் ஆயிரக்கணக்கில் கூடி நின்று பார்த்திருக்கிறார்கள். காங்கோவில் மேடைக்கு மந்திரவாதி மாதிரி வருகிறார்கள். தொடாமலே எதிராளி சுருண்டு விழுகிறான்! வடகொரியாவில்கூட முப்பது வருடம் முன் பெரிய அரங்கில் இரண்டு நாள் நடந்திருக்கிறது. நேபாளத்தில் இப்போதும் நடக்கிறது.

எங்கிருந்தோ வந்த சரக்கு. ஒவ்வொரு ஊரும் அதற்குத் தன் துணியை உடுத்திவிடுகிறது. அப்படியென்றால் நம் ஊர்? இதை ஏன் நான் யோசிக்கிறேன்?

21 ஜூன், சனி

சும்மா பார்க்கத்தான் போனேன். கடலூர் முதுநகரில் ஒரு பழைய நெல் கிடங்கு. பலகை அடித்து, அதன் மேல் பஞ்சு மெத்தை பரப்பி, லாரித் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய மேடை. விழுந்தால் இடி இடித்த மாதிரி சத்தம்.

விழுபவர்கள் இரண்டு பேர். அமிர்தம் அக்கா, முப்பத்தொன்பது வயது, துறைமுகத்தில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறார். இளவரசு, நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற பையன். கதவளவு உடம்பு, ஆனால் அக்காவைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கக்கா" என்கிறான்.

இரண்டு பேருக்கும் அண்ணன் கறுப்புத் தோல் சட்டை தைத்து வைத்திருந்தார். இங்கிலீஷில் பட்டப்பெயர். எனக்குப் பொறுக்கவில்லை. பொலிவியாவைக் காட்டி, அக்கா சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மீன்காரியாகவே வரட்டும் என்றேன். எதிராளி நிலத் தரகன். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பத்திரக் கட்டு, கையில் இரண்டு செல்போன். இந்த மாவட்டத்தில் அவனைத் திட்டாத ஆள் உண்டா?

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தோல் சட்டைகளைச் சுருட்டி மூலையில் போட்டார்.

நடுவர் ஆவதாக நான் இன்னும் சொல்லவில்லை.

22 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

5 ஜூலை, சனி

முடியவில்லை. என்னால் இது முடியவே இல்லை.

கதை இதுதான். தரகன் என் கவனத்தைத் திருப்புவான். நான் முதுகைக் காட்டி நிற்கும்போது பத்திரக் கட்டால் அக்காவை மண்டையில் அடிப்பான். நான் திரும்பும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கூட்டம் கொதிக்க வேண்டும். அக்கா தோற்க வேண்டும். அடுத்த காட்சியில் பழி தீர்க்க வேண்டும்.

எட்டுத் தடவை ஒத்திகை. எட்டுத் தடவையும் சரியாக அந்த நொடியில் திரும்பிவிட்டேன். கழுத்து தானாகத் திரும்புகிறது! பதினொரு வருடம் கால் விரல் கோட்டைத் தொட்டதா என்று பார்த்த கண்.

"தங்கச்சி, நீ பாக்கக் கூடாது. அதான் உன் வேலை."

சேத்தியாத்தோப்பு கபடி இறுதிப் போட்டி ஞாபகம் வந்தது. உள்ளூர் அணியின் கடைசிப் புள்ளியைச் செல்லாது என்றேன். முந்நூறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் மன்றச் செயலாளர் தங்கராசு சார் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, "அந்தப் பொண்ணு பாத்தத சொல்லுது" என்றார். போலீஸ் ஜீப்பில்தான் ஊர் தாண்டினோம். அவருக்கு இது தெரிந்தால்?

அக்கா தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "இது பொய்யின்னு சொல்றீங்களே டீச்சர், அப்பறம் எனக்கு ஏன் வலிக்குது?"

12 ஜூலை, சனி

இன்று திரும்பவில்லை! முதுகுக்குப் பின்னால் பத்திரக் கட்டு விழுந்த சத்தம். உடம்பெல்லாம் கூசியது. ஆனால் திரும்பவில்லை. அண்ணன் கை தட்டினார்.

நடுவருக்கு ரகசிய வேலையும் உண்டு என்று சொல்லிக்கொடுத்தார். ஒருவர் விழுந்ததும் குனிந்து கையைப் பிடித்து அழுத்த வேண்டும். திருப்பி அழுத்தினால் ஒன்றுமில்லை, ஆட்டம் தொடரலாம். அழுத்தாவிட்டால் நிஜமாகவே அடிபட்டிருக்கிறது. உடனே இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்க வேண்டும். உலகம் முழுக்க அதே சைகையாம். எங்கோ ஒரு நாட்டில் எவளோ ஒருத்தி இதையே பழகிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கும்போது புல்லரிக்கிறது.

27 ஜூலை, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சிதம்பரம் மண்டபம். இருநூறு பேர் வந்தால் போதும் என்றிருந்தோம். நாற்காலி முந்நூறு நிரம்பி, சாப்பாட்டுக்கூடம் வரை நின்றார்கள். அமிர்தம் அக்கா தலையில் கூடையோடு "மீனேய்..." என்று கூவிக்கொண்டு வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. இளவரசு செல்போனில் பேசிக்கொண்டே வந்து, முதல் வரிசையில் ஒரு தாத்தாவிடம் "உங்க கொல்லய எப்ப குடுக்குறீங்க?" என்றான். அவ்வளவுதான், செருப்பு பறந்தது. நிஜச் செருப்பு.

நான் முதுகைக் காட்டினேன். "மேடம், பின்னாடி பாருங்க!" ஐந்நூறு தொண்டை. குழந்தைகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். சேத்தியாத்தோப்பில் என்னைத் திட்டிய கூட்டமும் இப்படித்தான் கத்தியது. ஆனால் இது வேறு. இவர்கள் என்னை நம்பிக் கத்துகிறார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்புறம் இளவரசு அக்காவைத் தூக்கிப் போடும் கட்டம். ஒத்திகையில் நூறு தடவை செய்தது. அக்காவின் முந்தானை இளவரசு கையில் சிக்கியது. கோணலாக விழுந்தார். சத்தமே வேறாக இருந்தது. குனிந்து கையை அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடி அழுத்தினேன். இல்லை.

கையைக் குறுக்காகத் தூக்கினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணன், இன்னும் நாலு நிமிடம்தான், சமாளி என்று சைகை காட்டினார். கூட்டம் இதையும் நாடகம் என்று நினைத்துக் கத்தியது. விசில் ஊதினேன், கபடியில் ஆட்டத்தை நிறுத்துவதுபோல, நீளமாக. மைக்கை வாங்கினேன். "இது நடிப்பு இல்ல. அக்காவுக்குத் தோள் எறங்கிடுச்சு. ஆட்டம் முடிஞ்சுது. வழி வுடுங்க."

மண்டபமே அடங்கிவிட்டது. இளவரசு வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு அழுதான். பெண்கள் நாலு பேர் மேடை ஏறி வந்து அக்காவைத் தாங்கினார்கள். யாரோ ஆட்டோவைப் படிவரை கொண்டுவந்தார்கள்.

வாசலில் அக்கா நின்றார். முகம் வெளுத்திருந்தது. நல்ல கையால் என்னிடமிருந்த மைக்கைப் பிடுங்கி இளவரசைக் காட்டினார். "டேய் தரகா. கை சரியாவட்டும். ஒன்ன வுட மாட்டேன்."

மண்டபம் இடிந்து விழாதது ஆச்சரியம்.

28 ஜூலை, திங்கள்

மருத்துவமனையில் தோளைச் சரிசெய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் கூடை தூக்கக் கூடாது. இளவரசு காலையிலேயே வந்து அக்காவின் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். "மீனேய்" என்று கத்த வெட்கப்பட்டுச் சும்மாவே நடந்தானாம். அக்கா பின்னாலேயே போய்க் கூவினாராம்.

ஜெயப்பிரகாஷ் அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மிச்சமிருந்த நாலு நிமிட ஆட்டம் கண்ணை மறைத்துவிட்டது என்றார்.

2 ஆகஸ்ட், சனி

தங்கராசு சார் கூப்பிட்டார். யாரோ எடுத்த வீடியோ. நான் முதுகைக் காட்டி நிற்கிறேன், பின்னால் தரகன் அடிக்கிறான். அந்த ஒரு நிமிடம் மட்டும். அடுத்து நடந்தது அதில் இல்லை.

கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ பாக்காம நின்னத ஊரே பாத்துடுச்சு ஜெயராணி. நாளைக்கு நீ அவுட்டுன்னா எவன் நம்புவான்?" கபடியா, இந்த மேடையா, இரண்டில் ஒன்று என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அன்று ஆட்டத்தை நிறுத்தியது எந்த ஜெயராணி? முதுகைக் காட்டியதும் அவள்தானே?

செம்பியன் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நேபாள வீடியோவை மறுபடி வைத்தார்.

9 ஆகஸ்ட், சனி

மன்றத்திலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தேன். அடையாள அட்டையும் வைத்தேன். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். பேருந்தில் அழுதேன். ஆலப்பாக்கம் வந்ததும் அழுகையை நிறுத்தினேன்.

19 செப்டம்பர், வெள்ளி

கட்டு அவிழ்த்தாயிற்று. அக்கா முதல் வேலையாக இளவரசின் முதுகில் ஒன்று வைத்தார்.

16 நவம்பர், ஞாயிறு

கிடங்கில் புதிதாக ஆறு பெண்கள். வடலூரிலிருந்து ஒருத்தி, பெயர் இளமதி, ஜவுளிக்கடையில் வேலை. கடை பொம்மை மாதிரி அசையாமல் நின்று திடீரென்று பாயப் போகிறாளாம். நானே விழச் சொல்லிக்கொடுக்கிறேன். முந்தானையை இடுப்போடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும், அது என் முதல் சட்டம்.

28 டிசம்பர், ஞாயிறு

மார்கழி. கடலூரில் மண்டபம் கிடைத்தது. அமிர்தம் அக்காவின் பழி தீர்க்கும் நாள். எண்ணூறு பேர்.

மூன்றாவது வரிசையில், மனைவியோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் தங்கராசு சார். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். வேலையைப் பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தரகன் செல்போனைத் தரையில் போட்டான். நான் அதை எடுக்கக் குனிந்து முதுகைக் காட்டினேன். கூட்டம் வழக்கம்போலக் கத்தியது. அதற்கு நடுவே ஒரு குரல், மைதானத்தில் பதினொரு வருடம் கேட்ட குரல், எல்லாவற்றுக்கும் மேலே:

"ஜெயராணி! பின்னாடி! பின்னாடி பாரும்மா!"

ஓரக்கண்ணால் பார்த்தேன். சார் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். வேட்டியை ஒரு பேரன் பிடித்திருந்தான்.

நான் திரும்பவில்லை.