சுழலாத சுழற்சிகள்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலம்தானே? அத்தானின் இருமல் நின்றதா?

தலைகால் புரியாத சந்தோஷத்தில் எழுதுகிறேன். எங்கள் குவாண்டம் எந்திரத்துக்குள் இருக்கும் துகளை இந்தப்பக்கம் ஒரு சுழற்று, உடனே எதிர்ப்பக்கம் ஒரு சுழற்று என்று ஐந்நூறு முறை ஓட்டினேன். வழக்கமாக இருபத்தைந்தைத் தாண்டினாலே பிழை மண்டிவிடும். இன்று கடைசிவரை பிழையே இல்லை! வெள்ளிக்கிழமை ஆய்வக இயக்குநர் முன்னால் சொல்லப்போகிறேன்.

நீ எழுதிய புது இடைமொழி வழியாகத்தான் அனுப்பினேன். என் நிரலுக்கும் எந்திரத்துக்கும் நடுவே தரகு வேலை பார்ப்பவளே, உனக்கும் ஒரு நன்றி.

உன் தம்பி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அத்தான் சுகம். நீ இதை உட்கார்ந்து படி.

உன் எந்திரம் ஒரு தடவைகூடச் சுழற்றவில்லை. ஒன்றையொன்று ஈடுகட்டும் கட்டளைகளைக் கண்டால் வீண்வேலை என்று வெட்டிவிடும் பகுதியை இடைமொழியில் எழுதியவள் நான்தான். நீ அனுப்பிய ஆயிரத்தையும் அது வெட்டிவிட்டது. எந்திரம் சும்மா உட்கார்ந்திருந்தது. பிழை எங்கிருந்து வரும்? கட்டளைகளுக்கு நடுவே தடுப்பு வரி போட்டால் வெட்டாது. அதைக் கையேட்டில் எழுதாமல் விட்டது என் தப்பு.

முன்பு உன் ஆய்வேட்டில் குறை சொன்னேன் என்று ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அதனால் இதை எழுதத் தயங்கினேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை நீ நாலு பேர் முன்னால் தலைகுனிவதைவிட, என்னோடு பேசாமல் இருப்பது மேல்.

உன் அக்கா

மார்ச் 6

தம்பி,

கோபமாகவே இரு. தடுப்பு வரியை மட்டும் போட்டுவிடு.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

உனக்குப் பொறாமை என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று பதில் எழுதினேன். நல்லவேளை, மூன்றையும் அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

வியாழன் காலை தடுப்பு வரி போட்டு ஓட்டினேன். நாற்பதில் பிழை மண்டியது. ஐந்நூறு எங்கே, நாற்பது எங்கே! ஆனாலும் இது எந்திரம் நிஜமாகச் சுழற்றிய நாற்பது; பழைய இருபத்தைந்தைவிட மேல்.

இயக்குநரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "சும்மா இருக்கறதுல நம்ம மெஷின அடிச்சுக்க ஆளே இல்ல!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பலகையில் நாற்பது என்று பெரிதாக எழுதினார்.

"இந்தத் தப்ப யாருப்பா கண்டுபிடிச்சது?" என்றார்.

"எங்க அக்கா" என்றேன். சொல்லும்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

உன் தம்பி