ரசம் கேட்காத இடம்

ஐப்பசி 9, செவ்வாய்

என் முதல் கதைத்தொகுப்பின் கடைசியில் போட, ‘நான் எப்படி எழுதுகிறேன்’ என்று ஒரு பக்கம் கேட்டிருக்கிறார் பதிப்பாளர். நாலு நாள் முக்கி எழுதினேன். அதன்படி, திருவேட்டக்குடி கடற்கரையில் உட்கார்ந்தால் எனக்குக் கதை தானாக வருமாம். ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன்.

“நீயா? மாசிமகத்துக்குக் கூப்பிட்டாலே கால்ல மணல் ஒட்டும்னு வரமாட்டியே!” என்று சிரித்துவிட்டு, “ரசத்த ஊத்து” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு கதைகளையும் இவர் சாப்பிடும்போது வாசித்துத்தான் திருத்தினேன். சோற்றைப் பிசைகிற கை எங்கே நிற்கிறதோ, அந்த இடம் தேறிவிட்டது. எங்கே ரசம் கேட்கிறாரோ, அந்தப் பத்தியை அடித்துவிடுவேன். நாள் முழுக்க வயலில் நின்றுவிட்டு வருகிற மனுஷனின் கையை நிறுத்துவது லேசா? நான் எழுதுகிற விதம் இதுதான். அவருக்கு இது தெரியாது.

இதையே எழுதி அனுப்பலாம். ஆனால் புத்தகம் வந்தால் முதலில் படிக்கப்போவது அவர்தான். படித்துவிட்டால், அப்புறம் நான் எந்தக் குப்பையை வாசித்தாலும் எனக்காகக் கையை நிறுத்திக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருப்பார்.

பதிப்பாளருக்குக் கடற்கரையே போகட்டும்.