பதினோரு விநாடிக்குக் கீழே கிடந்த செய்தி

அன்புள்ள செல்வம் அண்ணா,

உங்கள் கடைசிச் செய்திக்கு என்ன நடந்தது என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையை ஆட்கள் கடக்கிற இடத்தில் விளக்கு இல்லை, தடுப்பு இல்லை என்று இரண்டு முறை எழுதினீர்கள். மூன்றாவது முறை அனுப்பியபோது, விழுப்புரம் அலுவலகத்திலிருந்து நம் இணையச் செய்தித்தளத்தின் ஆசிரியர் உங்களுக்குப் போன் போட்டார். பக்கத்து மேசையில்தான் நான் வீடியோ வெட்டிக்கொண்டிருந்தேன். "வீடியோ இல்லாம வெறும் எழுத்த யாருப்பா படிக்கிறாங்க? எடுத்து அனுப்பு" என்றார். மறுநாள் காலை எடுக்கப் போனீர்கள். லாரி மோதிவிட்டது.

அன்று மதியமே எதிர்க்கடை கேமராவில் பதிவானது எங்களுக்கு வந்துவிட்டது. பதினோரு விநாடி. உங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இசை சேர்க்கச் சொன்னார் ஆசிரியர்.

"சார், இது செல்வம் அண்ணன்."

"தெரியும்மா. நாம போடலன்னா மத்தவன் போட்டுருவான். ஜல்தியா முடி."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவரே செய்து, உங்கள் செய்திக்கு மேலே போட்டார். திறந்ததும் தானாக ஓடுகிற அதைத் தாண்டி யார் கீழே வந்து படித்திருப்பார்கள்?

கருமாதி முடிந்த மறுவாரம் மல்லிகா அண்ணி அலுவலகத்துக்கு வந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

"என் வீட்டுக்காரரு எழுதினத ஒருத்தரும் படிக்கல சார். அவரு சாவறத மட்டும் எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. எம்பொண்ணு கிளாஸ்ல கூட பாத்துட்டாங்க."

ஆசிரியர் நிமிரவில்லை. நீக்கிவிடுவதாகச் சொன்னார். பிறகு, "அஞ்சலி வீடியோ ஒண்ணு பண்ணிடலாம்மா" என்றார். எப்படி அண்ணா அவருக்கு வாய் வந்தது?

போலீஸ் திருப்பிக் கொடுத்த உங்கள் போனை அண்ணி மேசைமேல் வைத்தார். "அவரு எடுத்தது இதுல இருக்குது. அத போடுங்க."

நான்கு நிமிடம். கடலைக் காட்டுக்கு மல்லாட்டை பிடுங்கப் போகிற ஓர் அம்மா சாலையோரம் நிற்கிறார். "தெனம் இப்டிதான் சார். கால வைக்கறதும் எடுக்கறதுமா அரை மணி நேரம் பூடுது." "பயப்படாம சொல்லுங்கம்மா" என்கிறது உங்கள் குரல். இசை எதுவும் சேர்க்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய பத்திக்குக் கீழேயே வைத்தேன். படித்துக்கொண்டே வருகிறவர் அங்கே அவர் பேசுவதைக் கேட்கலாம். எழுத்தும் வீடியோவும் இப்படி ஒன்றுக்கொன்று துணையாக நிற்க முடியும் என்று காட்ட உங்கள் உயிரா போக வேண்டும்?

பார்த்தவர்கள் குறைவுதான். ஆனாலும் சில நாளில் அதிகாரிகள் வந்து தடுப்பு வைத்தார்கள். விளக்கு இன்னும் வரவில்லை. நாங்கள் நீக்கிய அந்தப் பதினோரு விநாடி மட்டும் யார் யார் போனிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதை என்னால் நிறுத்த முடியவில்லை, அண்ணா.

இனி மாதம் ஒருமுறை அங்கே போய் நானே எழுதுவேன் என்று ஆசிரியரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. மறுத்தாலும் போவேன். விளக்கு எரிகிறவரை எழுதுவேன். எரிகிற அன்று, செய்தியின் முதல் வரியில் உங்கள் பெயர் இருக்கும்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
கலைவாணி
விழுப்புரம்