இடது கால் செருப்பும் நகராத சீட்டும்

என் கண்ணு,

அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும், அந்த ஒரு வரிக்காகத்தான் காலையிலிருந்து பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், கை ஓடமாட்டேன் என்கிறது. பதறாதே, யார் உயிருக்கும் ஒன்றுமில்லை, வீடு அப்படியே இருக்கிறது, ஜீப்பும் அப்படியே இருக்கிறது. ஆனால் உன் அம்மா இந்த வாரம் முழுக்கப் பேயறைந்தவள் மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறேன், நேற்று டீயில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன், அதையும் உன் தங்கை முகம் சுளிக்காமல் குடித்தாள். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். எப்படிச் சொல்வது? உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார், நான் வாயெடுக்கும் முன் டயர் புராணத்தை ஆரம்பித்துவிடுவார், டயர் என்றால் நீயும் அம்மாவை மறந்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முதலில் உட்கார், உட்கார்ந்துகொண்டு படி.

ஜீப் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று உனக்குத் தெரியும். காயலான் கடையிலிருந்து அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது, பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை வாசல் வரைக்கும் வரவேற்றுக் கூட்டி வர்றீங்களே என்று நான் கத்தியதும், துணி நைஞ்சு போச்சும்மா, ஆனா வெட்டு நல்ல வெட்டு என்று உன் அப்பா அதன் பானட்டைத் தடவிக் கொடுத்ததும் உனக்கு மறந்திருக்காது. தையல்காரர் புத்தி எங்கே போகும்? நீ வெளிநாடு போன பிறகும் நாங்கள் அதை விடவில்லை. துரு சுரண்டுவது என் பங்கு, உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே அழிந்துவிட்டது. ஒயரிங் முழுக்க உன் தங்கை, போன் ரிப்பேர் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையை எறிந்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள், சாப்பிடக் கூப்பிட்டால் கால்தான் பதில் சொல்லும். உன் அப்பா எல்லாவற்றுக்கும் மேஸ்திரி, அதோடு மேல் கூடாரமும் சீட் உறையும் அவர் கைத்தையல். நீ அனுப்பிய முகப்பு விளக்குகளைப் பொருத்தியாயிற்று, அடியில் ஸ்பிரிங்கை உயர்த்திப் பெரிய டயர் போட்டாயிற்று, சேற்றில் மாட்டினால் இழுக்க முன்னால் வின்ச் வைத்தாயிற்று, இப்போது அதில் ஏற எனக்கு முக்காலி வேண்டும். நீ லீவில் வந்ததும் குவாரிப் பாதையில் ஏற்றிப் பாறை மேட்டில் கொண்டு போய் நிறுத்துவது என்றும், முதல் நாள் ஸ்டீயரிங் யாருக்கு என்றும் நீயும் உன் அப்பாவும் போட்ட சண்டை கொஞ்சமா? வண்டி என்னுது, ஸ்டீயரிங் என்னுது, நீ பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாருடா என்று உன்னைச் சீண்டுவாரே, அந்த மனிதர் என்ன செய்து வைத்திருக்கிறார் கேள்.

நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்துத் தெருமுனை வெல்டிங் கடைப் பையனை, அதுதான் நாம் பொறி என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் பிள்ளை, கொட்டகைக்கே கூட்டி வந்து ஓட்டுநர் சீட்டை மாட்டிவிட்டார். வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்து பார்க்கிறேன், சீட் ஸ்டீயரிங்கோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் இரும்புச் சட்டம் வைத்து உயர்த்தி வேறு இருக்கிறது. கிளட்ச், பிரேக் பெடல் மேலெல்லாம் தடிமனாகக் கட்டை மாதிரி ஏதோ வைத்திருக்கிறது. உன் அப்பாவும் நீயும் ஒட்டடைக்குச்சி ஆட்கள், அதில் உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும். ஏங்க, கண்ணை எங்கே வச்சுக்கிட்டு அளவெடுத்தீங்க என்று கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுத் துணி வெட்டப் போய்விட்டார். சரி, போல்ட்டைக் கழற்றிப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம் என்று குனிந்து பார்த்தேன். போல்ட்டே இல்லை. நான்கு காலிலும் வெல்டு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்குத் தெரியாததா, எந்தச் சட்டைக்கும் உள்ளே துணி விட்டுத் தைக்கிறவர் அவர், நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம், பிரிக்க முடியாத தையல் தையலே இல்ல என்பார். ஜீப்பிலும் அதே சட்டம்தான், வெல்டு வைக்கலாம் என்று பொறி சொல்லும் இடமெல்லாம் போல்ட் போடு என்று மல்லுக்கு நிற்பார்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா, இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான். அளவு தப்பாத மனிதர், ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர், தன் காலுக்கு அளவு தெரியாமல் சீட் வைத்திருக்கிறார் என்றால் வேறு என்ன நினைப்பது? உன் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளும் முகம் வெளுத்துப் போய், ஆமாம்மா, அப்பா இப்பல்லாம் கதவு நிலைல இடிச்சுக்கறாரு, பக்கத்துல போய் நின்னாலும் நான் பேசுற வரைக்கும் திரும்ப மாட்டேங்கறாரு என்றாள். இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் வைக்கும் டீயை அவர் தட்டிவிடாத நாளே இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மூட்டு வலி என்று சொல்லி ஸ்கூட்டரை விற்றுத் தள்ளிவிட்டாரே, அந்த மூட்டோடுதானே நாள் பூராவும் தையல் மெஷினை மிதிக்கிறார்! இருந்த கோபத்தையெல்லாம் பொறி மேல் காட்டலாம் என்று நேரே கடைக்குப் போனேன். அவர் சொன்னாருன்னு கண்ணை மூடிக்கிட்டு வெல்டு வைப்பியா என்று பிடிபிடி என்று பிடித்தேன். பாவம், முகக் கவசத்தைத் தூக்கிவிட்டு, என்னைத் திட்டாதீங்கக்கா, போல்ட் போடலாம்னு நான் தலையால தண்ணி குடிச்சேன், அவர்தான் வெல்டு வைப்பா, இனிமே அந்த சீட்டு நகரக் கூடாதுன்னாரு என்றது. சொல்லிவிட்டு, இதையும் எடுத்துட்டுப் போங்க, அளவு முடிஞ்சுது என்று சுவரில் ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தது. என் இடது கால் செருப்பு! போன வாரம் முழுக்க நான் தேடித் தேடி, எதிர்வீட்டு நாய்தான் கவ்விக்கொண்டு போனது என்று அந்த வீட்டுக்காரியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறேனே, அதே செருப்பு. பெடல் கட்டைக்கு இதை வச்சுத்தான் அளவு பாத்தாரு, கிளட்ச்சுக்கு இடது கால்தானேக்கா என்று பொறி சாதாரணமாகச் சொன்னது. கிரீஸ் பட்ட அந்தச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்தேன்.

வந்ததும் கொட்டகைக்குள் போய் முக்காலி போட்டு ஏறி அந்த சீட்டில் உட்கார்ந்தேன். இடது கால் கிளட்ச்சில் போய் உட்கார்ந்தது. கை ஸ்டீயரிங்கில் அலுங்காமல் படிந்தது. பானட்டுக்கு மேலே தெரு முழுக்கத் தெரிந்தது. நாடா வைக்காமல், என்னைக் கூப்பிட்டு நிறுத்தாமல், உட்காரச் சொல்லாமல், அச்சாக என் அளவு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை அரை மீட்டர் அரை மீட்டர் என்று கேலி செய்கிற மனிதர் அந்த அரை மீட்டரை இம்மி பிசகாமல் மனதில் வைத்திருக்கிறார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்குங்க ஓட்டுற சீட்டு என்று அங்கிருந்தே கத்தினேன். அவர் கொட்டகை வாசலில் வந்து நின்று, யாராவது ஓட்டணும்லம்மா என்றார். அப்புறம்தான் சொன்னார். நேரா பாக்கறதெல்லாம் பளிச்சுன்னுதான் தெரியுது, ஊசிகூடக் கோக்கறேன், ஓரந்தான் இல்ல, துணியில ரெண்டு பக்கமும் கரையைக் கத்தரிச்ச மாதிரி இருக்கு என்றார். ஸ்கூட்டரில் போகும்போது பக்கத்தில் வந்த சைக்கிள்காரரை இடித்துத் தள்ளப் பார்த்தாராம், நல்ல வேளை அவருக்குச் சிராய்ப்போடு போயிற்றாம். அன்றைக்கே பட்டன் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரித்துவிட்டதாம், இனிமேல் எந்த வண்டியும் ஓட்டக் கூடாதாம், வீட்டில் யாரையாவது கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியும் கூட்டிப் போகவில்லை. சொட்டு மருந்தைப் பட்டன் டப்பாவில் ஒளித்து வைத்துப் போட்டுக்கொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். அடப்பாவி மனுஷா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கத்தினேன், அழுதேன், கையிலிருந்த செருப்பை அவர் மேலேயே வீசினேன். ஓரத்தில் விழுந்ததால் அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் நாங்கள் மூன்று பேருமாகப் போனோம். போனது போனதுதானாம், திரும்பாதாம், மருந்தை விடாமல் போட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாமாம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் அந்த டாக்டரம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க என்று கேட்டார். இது ரத்த சம்பந்தத்தில் வரக்கூடியதாம், வலி இருக்காதாம், சிவக்காதாம், தானாகத் தெரிய வரும்போது பாதி போயிருக்குமாம். உன் தங்கைக்கு அங்கேயே பார்த்துவிட்டார்கள், ஒன்றுமில்லை. வருஷா வருஷம் வரச் சொன்னார்கள். பெரியவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று நான் சொல்லும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கார் நிறுத்தும் இடத்தில் தூணே தெரியல, பக்கத்துக் கண்ணாடியை உடைச்சுட்டேம்மா என்று போனில் சொல்லி நீ சிரித்தாயே, நானும் சேர்ந்து சிரித்தேனே கண்ணு! அந்தத் தூண் இடது பக்கமா, வலது பக்கமா, உண்மையிலேயே தெரியவில்லையா, இல்லை அவசரத்தில் பார்க்கவில்லையா என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன்கிட்ட இப்ப சொல்லாத, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான் என்று உன் அப்பா தடுத்தார். ஓடி வர வேணாம், ஆஸ்பத்திரிக்கு ஓடினா போதும் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சர்வ சாதாரணமாகச் சொல்வேனே, அந்தப் பழமொழி இனி இந்த வாயில் வராது.

ஆகவே இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கண் டாக்டரைப் பார், கண்ணழுத்தத்தையும் ஓரப் பார்வையையும் பார்க்கச் சொல், அப்பாவுக்கு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டிவிட்டு வந்துவிடாதே, உன் அப்பாவும் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தவர்தான். அதுவரைக்கும் காரை எடுக்காதே, பஸ்ஸில் போ.

உன் தங்கை என்னை ஓட்டுநர் பள்ளியில் சேர்த்துவிட்டாள், நீ சிரிப்பாய் என்று தெரியும். நேற்று சாயங்காலம் அந்தச் செருப்பையே மாட்டிக்கொண்டு கொட்டகையிலிருந்து கேட் வரைக்கும் ஓட்டினேன், ஓட்டினேன் என்றா சொல்வது, வண்டி தவளை மாதிரி தாவித் தாவிப் போய்க் கொடிக் கயிற்றை அறுத்துக்கொண்டு நின்றது, உன் அப்பாவின் பேன்ட் நீ அனுப்பிய விளக்கு மேல் தொங்கியது. அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். நேரா நான் பாத்துக்கறேன், ஓரத்தை நீ பாத்துக்கோ என்றார். சின்னவளை ஓட்டச் சொல்லியிருக்கலாமே, எனக்கு எதுக்கு இந்த வயசுல என்றேன். அவ நாளைக்கு அவ வழியில போயிடுவா, நீதானே என்கூட இருக்கப் போறவ என்றார். அது சரி, போல்ட் போட்டிருக்கலாமே, எதுக்கு வெல்டு என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. போல்ட் போட்டா என்னைக்காவது ஆசையில நானே கழட்டிப் பின்னால தள்ளிடுவேன்மா என்றார்.

நீ தீர்க்காயுசாக, இரண்டு கண்ணும் குளிர உலகத்தைப் பார்த்துக்கொண்டு நன்றாக இரு. ரிசல்ட் எதுவாக இருந்தாலும் அப்பாவிடம் சொல்வதற்கு முன் என்னிடம் சொல், நல்லதோ கெட்டதோ மறைக்காதே. பக்கத்து சீட்டுக்கு மட்டும் அவர் போல்ட்தான் போட்டிருக்கிறார், உன் காலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் தள்ளிக்கொள்ளலாம், நீ வந்தால் அது உனக்கு, தான் பின்னால் ஏறிக்கொள்வாராம். பாறை மேட்டுக்கு நான்தான் ஓட்டுவேன், நீ உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகவாவது நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டு.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா,
அரை மீட்டர்