கதவுக்குள் ஹேர்பின்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா காலத்துக் காருக்கு நீங்கள் தேடிப்பிடித்து அனுப்பிய கதவை மாட்டவில்லை. கோபிக்காதீர்கள். உங்கள் தங்கை உட்காரும் பக்கத்துப் பழைய கதவிலேயே துருப்பிடித்த அடிப்பாகத்தை மட்டும் வெட்டிவிட்டு, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாகிவிட்டது.

பட்டறையில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன்.

"சார், ஒண்ணு உக்காருங்க, இல்ல வீட்டுக்குப் போங்க. எனக்குத் தலை சுத்துது" என்றார் டிங்கர்.

அடித்தகட்டை வெட்டியதும் ஹேர்பின்களாகக் கொட்டின. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக விழுந்தவை. மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளை அவைதான் சேற்றோடு சேர்ந்து அடைத்திருக்கின்றன.

"கதவுக்கு யாரு சார் சடை பின்னுனது?"

அவள் இறந்தது அவருக்குத் தெரியாது. நானும் சேர்ந்து சிரித்தேன். வண்டியில் ஏறியதுமே உங்கள் தங்கை தலையை அவிழ்த்துவிடுவாள். இறங்கும்போது பின்னைக் காணோமென்று என்னைத்தான் திட்டுவாள்.

டிங்கர் புதுத் தகட்டில் ஓட்டைகள் போட்டுவிட்டு, "இனிமே அடைக்காது சார்" என்றார்.

மூடுவதற்கு முன் ஒரு பின்னை மட்டும் உள்ளே போட்டேன். வெளியே விழுந்துவிடாதபடி ஓட்டையை அளந்து பார்த்துத்தான் போட்டேன்.

மேடுபள்ளத்தில் கிலுங்குகிறது. நீங்கள் ஓட்டும்போது கேட்டால் கழற்றிப் பார்க்காதீர்கள்.

இப்போதும் உங்கள்
மாப்பிள்ளை